அறிவியலுக்கு உதவப் போய் கம்ப்யூட்டர் திணறுதா? இந்த செட்டிங்ஸை மாத்துங்க!

ஃபேன் நிற்காமல் சுத்துது. பிரவுசரில் ஒரு டேப் திறக்கவே நேரமாகுது. வைரஸோ என்று பயந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், சிபியு 100% என்று காட்டுகிறது. லிஸ்ட்டில் முதலில் நிற்பது, நல்ல காரியம் என்று நீங்களே இன்ஸ்டால் செய்த 'பாயிங்க்' சாஃப்ட்வேர்!

அது என்ன பாயிங்க்?

பெரிய ஆராய்ச்சிக் கணக்குகளைச் சின்னத் துண்டுகளாக்கி, தன்னார்வலர்களின் வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பும் சாஃப்ட்வேர் இது. கணக்கு முடிந்ததும் ரிசல்ட் தானாகத் திரும்பிப் போய்விடும். வேற்றுக்கிரக சிக்னலைத் தேடி 1999-ல் 'செட்டி அட் ஹோம்' திட்டத்தைத் தொடங்கிய கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில்தான் பாயிங்க்கும் உருவானது. செட்டி 2020 மார்ச்சில் புதுக் கணக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆனால், மற்ற திட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றான 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்', 2010-ல் ஒரு புதிய பல்சர் நட்சத்திரத்தையே கண்டுபிடித்தது. அந்தக் கணக்கைப் போட்டவை அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த வீட்டு கம்ப்யூட்டர்கள்.

சும்மா இருக்கும் நேரத்தில்தானே ஓடணும்?

பாயிங்க் தன் வேலைகளை மிகக் குறைந்த முன்னுரிமையில்தான் ஓட்டுகிறது. நீங்கள் எக்செல் திறந்தால் பிராசஸர் முதலில் உங்களைத்தான் கவனிக்கும். அதனால், சிபியு 100% என்று காட்டுவது மட்டுமே பிரச்சினை இல்லை. சிக்கல் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

ராம்: பொதுவாக ஒரு கோருக்கு ஒரு வேலை ஓடும். ஒவ்வொரு வேலைக்கும் தனி மெமரி வேண்டும். 8 ஜிபி ராமில் நாலைந்து பெரிய வேலைகள் உட்கார்ந்தால் பிரவுசருக்கு இடம் போதாது.

சூடு: எல்லா கோர்களும் மணிக்கணக்கில் உழைத்தால் லேப்டாப் கொதிக்கும். பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அப்போது உங்கள் வேலையும் சேர்ந்தே ஸ்லோ ஆகும்.

கிராஃபிக்ஸ் கார்டு: சிபியு மாதிரி இது சட்டென்று வழிவிடாது. நீங்கள் வேலை செய்யும்போதும் கார்டில் கணக்கு ஓடினால் வீடியோ திக்கித் திக்கி வரும்.

என்ன செய்யலாம்?

ஆப்ஷன்ஸ் மெனுவில் 'கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ்' பகுதிக்குப் போங்க.

1. பயன்படுத்தும் சிபியு அளவை 50% ஆக்குங்க. ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் பாதியாகும். சூடும் மெமரி செலவும் சேர்ந்தே குறையும். முதலில் இதைச் செய்து பாருங்க, பலருக்கு இதுவே போதும்.

2. கம்ப்யூட்டரை நீங்கள் பயன்படுத்தும்போது கணக்கை நிறுத்தி வைக்கும் ஆப்ஷனை டிக் செய்யுங்க. கிராஃபிக்ஸ் கார்டுக்கு இது தனியாக இருக்கும்.

3. நிறுத்தி வைத்த வேலையை மெமரியிலேயே விட்டு வைக்கும் ஆப்ஷன் டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்க. இல்லையென்றால் வேலை நின்றாலும் ராம் காலியாகாது. கடைசியாக சேவ் ஆன இடத்திலிருந்து கணக்கு மறுபடி தொடங்கும், அவ்வளவுதான்.

4. லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது கணக்கு வேண்டாம்.

கரன்ட் பில்?

பாயிங்க்கால் கூடுதலாக 60 வாட்ஸ் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 1.44 யூனிட், மாதம் சுமார் 43 யூனிட். தினமும் 6 மணி நேரம் மட்டும் என்று டைம் செட் செய்தால் 11 யூனிட்டில் முடிந்துவிடும்.

வேலை குறைவதால் யாருக்கும் நஷ்டமில்லை. கெடு தேதிக்குள் ரிசல்ட் வராத துண்டு, வேறொரு கம்ப்யூட்டருக்குப் போய்விடும். நாலு திட்டங்களில் சேர்ந்து திணறுவதைவிட ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்றே ஒன்று: ஆபீஸ் லேப்டாப்பில் அனுமதி இல்லாமல் இதை இன்ஸ்டால் செய்யாதீங்க. நோக்கம் நல்லதாக இருந்தாலும் கரன்ட்டும் மெஷினும் கம்பெனியுடையது. ஐடி டீமிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்க.