ஊதிய வயிறும் ஆரம்பப் புள்ளியும்

2000 வாக்கில் சினைப்பைப் புற்றுநோய் ஆய்வகங்களில் புழக்கத்துக்கு வந்தது ‘ஐடி8’. கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ரோபி குழுவினர் சுண்டெலியின் சினைப்பை மேற்பரப்பிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் அவை. எலியின் வயிற்றுக்குள் ஊசியால் செலுத்தினால் சுமார் மூன்று மாதத்தில் இரத்தம் கலந்த நீர் கோத்து வயிறு புடைக்கும், உள்ளெங்கும் கட்டிகள் பரவியிருக்கும். பெண்கள் பலர் மருத்துவமனைக்கு வரும் நிலையும் கிட்டத்தட்ட அதுவே. ஆனால் அந்த எலி காட்டியது நோயின் முடிவைத்தான். தொடக்கம் எங்கே?

சினைப்பையின் மேல்தோல் என்பதே அன்றைய பதில். முட்டை வெளியேறும் ஒவ்வொரு முறையும் அந்தத் தோல் கிழிந்து ஆறுவது நோய்க்கு வழிவிடலாம் என்று 1971இல் எகிப்திய மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா ‘லான்செட்’ இதழில் எழுதினார். ஓயாமல் முட்டையிடும் கோழிக்கு வயதான பின் இந்நோய் தானாகவே வருவது அதற்குத் துணைநின்றது. 2003இலும் எலியின் சினைப்பையை மூடிய மெல்லிய உறைக்குள் வைரஸைச் செலுத்தி, பி53, ஆர்பி1 மரபணுக்களை அங்கேதான் முடக்கினார்கள்.

பார்வையை மாற்றியவர்கள் நோயியல் மருத்துவர்கள். பரம்பரையாக ஆபத்துள்ள பெண்களிடமிருந்து முன்னெச்சரிக்கையாக அகற்றிய உறுப்புகளை நெதர்லாந்தில் சோதித்தபோது, கருக்குழாயில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் தெரிந்தன. அது 2001. பாஸ்டனில் குழாயின் விரல்விரிந்த நுனியை மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்தார்கள், சந்தேகம் வலுத்தது. ஆனாலும் நிரூபிப்பதற்காக ஒரு பெண்ணின் உடலில் சினைப்பை, குழாய் இரண்டில் ஒன்றை எடுத்து மற்றதை விட்டுவைத்துக் காத்திருக்க முடியுமா?

எலியில் முடிந்தது. 2012இல் ஹூஸ்டனின் பெய்லர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த குழு, டைசர், பிடென் என்ற இரு மரபணுக்களை நீக்கிய எலிகள் பற்றிய ஆய்வை வெளியிட்டது. கட்டி கருக்குழாயில் முளைத்து, சினைப்பையைச் சூழ்ந்து, பிறகு வயிறெங்கும் பரவியது. சினைப்பையை அகற்றியும் புற்று வந்தது. இளம் வயதிலேயே குழாயை அகற்றியபோது வரவில்லை. இத்துறையில் இதைவிடத் தெளிவான சோதனையை நான் படித்ததில்லை. குறையும் உண்டு: மரபணு நீங்கியது குழாயின் உள்தோலில் அல்ல, அதனடியிலுள்ள திசுவில். மறு ஆண்டே பாஸ்டன் குழு உள்தோலின் சுரப்புச் செல்களிலேயே பிஆர்சிஏ, பி53, பிடென் மரபணுக்களைக் குலைத்து, மனித நோயின் முதல் படியை எலியில் கொண்டுவந்தது.

பழைய ஐடி8ஐயும் சும்மா விடவில்லை. மனிதரின் தீவிர வகைக் கட்டிகளில் 96 சதவீதத்தில் பி53 பழுதாகியிருப்பதை 2011இல் மரபணுத் தொகுப்பு ஆய்வு காட்டியிருந்தது; ஐடி8இல் அது பழுதில்லாமலே இருந்தது. 2016இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறை கொண்டு அதை நீக்கினார்கள்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மருத்துவர்கள் எலிக்காகக் காத்திருக்கவில்லை. கருப்பை அகற்றவோ கருத்தடைக்கோ வரும் சராசரி ஆபத்துள்ள பெண்களுக்கு, சினைப்பையை விட்டுவைத்துக் கருக்குழாயை முழுதாக எடுக்கலாம் என 2010இலேயே பரிந்துரைத்தார்கள். சினைப்பை தங்குவதால், நாற்பது வயதுப் பெண்ணுக்கு மாதவிடாய் சட்டென நின்றுபோகும் அவதி இல்லை.