உங்களுக்குத் தெரியுமா? பைக் விபத்தும் மெடிக்கல் கோடிங்கும்

பைக்கில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் இரண்டு வகைக் குறியீடுகள் விழும். என்ன அடி என்பதற்கு ஒன்று, எப்படிப் பட்டது என்பதற்கு இன்னொன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 பட்டியலில் பைக்காரர்களுக்கென்றே வி20 முதல் வி29 வரை ஒதுக்கியிருக்கிறார்கள். குறுக்கே வந்த ஆள் அல்லது மாட்டின் மேல் மோதினால் வி20. கார் என்றால் வி23, லாரி, பஸ் என்றால் வி24, மின்கம்பம், பாலத்துச் சுவர் என்றால் வி27. எதிலும் மோதாமல் மணலில் சறுக்கி விழுந்தால் வி28. பின்னால் உட்கார்ந்தவரின் புடவை சக்கரத்தில் சிக்கி அவர் கீழே விழுந்தாலும் வி28தான். புடவைக்கென்று தனி எண் போட யாருக்கும் தோன்றவில்லை!

*

புள்ளிக்குப் பிறகு வரும் எண், அடிபட்டவர் யார் என்று சொல்லும். பொதுச் சாலையில் ஓட்டியவர் 4, பின்னால் உட்கார்ந்தவர் 5. ஏறும்போதோ இறங்கும்போதோ அடிபட்டால் 3. அதே ஆள் வயலிலோ சொந்தக் காம்பவுண்டுக்குள்ளோ விழுந்திருந்தால் 0 அல்லது 1. சைடுகார் வைத்த பைக்கும் இந்தப் பட்டியலில் பைக்தான். ஆட்டோவில் போகிறவர்களுக்கு வி30 முதல் வி39 வரை தனி வரிசை.

*

அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் இதே பட்டியலை விரித்து, ஏழு எழுத்துகள் வரை நீட்டிப் பயன்படுத்துகிறது. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் பி.எஸ்சி., பி.ஃபார்ம். முடித்த பல பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து குறியீடு போடுவது இந்த அமெரிக்கப் பதிப்பை வைத்துத்தான். 2022 அக்டோபரில் அதில் மின்சார சைக்கிள்காரரைப் பிரித்துவிட்டார்கள். அதனால் வி23.41 அவருக்கு, வி23.49 மற்ற பைக்காரருக்கு.

*

‘பைக் விபத்து, வலது கால் எலும்பு முறிவு’ என்று டாக்டர் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார் என்று வையுங்கள். கோடர் தலையில் கை வைத்துக்கொள்வார். எந்த எலும்பு, டிபியாவா ஃபிபுலாவா? எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்ததா? விலகியிருக்கிறதா? ஓட்டினாரா, பின்னால் உட்கார்ந்திருந்தாரா? எதில் மோதினார்? ஒன்றும் இல்லை. கோடர் தானாக ஊகிக்கக் கூடாது. டாக்டருக்குக் கேள்வி அனுப்பலாம், ஆனால் ‘இதுதானே டாக்டர்?’ என்று பதிலை ஊட்டிவிடும் கேள்வியாக அது இருக்கக் கூடாது. பதில் வராவிட்டால் விதி இதுதான்: திறந்த முறிவு என்று எழுதவில்லையா, மூடிய முறிவு. விலகவில்லை என்று எழுதவில்லையா, விலகிய முறிவு. எலும்பு வெளியே தெரிந்து ராத்திரி முழுக்க ஆபரேஷன் நடந்திருந்தாலும், எழுத மறந்திருந்தால் காகிதத்தில் அது மூடிய முறிவுதான்.

*

டிபியா முறிவில் ஏழாவது எழுத்து ஏ, பி, சி என்று மாறும். ஏ என்றால் மூடிய முறிவு. பி, சி இரண்டும் திறந்த முறிவு. இவற்றைப் பிரிப்பது கஸ்டிலோ, ஆண்டர்சன் என்ற இரு எலும்பு மருத்துவர்கள் 1976-இல் வெளியிட்ட அளவுகோல். காயம் ஒரு சென்டிமீட்டருக்குள் சுத்தமாக இருந்தால் முதல் வகை, அதைத் தாண்டினால் இரண்டாம் வகை, இரண்டுக்கும் பி. சதை நசுங்கிச் சிதைந்தால் மூன்றாம் வகை, அதற்கு சி.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் வழுக்கும் இடமும் இதுதான். ஏ என்றால் முதல் வருகை என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை. சிகிச்சை முனைப்பாக நடக்கிறவரை ஏ, பி, சிதான். ஒரு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, இன்னொன்றில் ஆபரேஷன் செய்தாலும் எழுத்து மாறாது.

*

தலையில் அடி என்றால் கடிகாரம் முக்கியம். மூளைக்குள் ரத்தக்கசிவு இருந்தால் மயக்கம் 30 நிமிடத்துக்குள்ளா, 31 முதல் 59 நிமிடமா, ஆறு மணி நேரத்துக்குள்ளா, 24 மணி நேரம் வரையா என்று ஒவ்வொன்றுக்கும் குறியீடு வேறு. நினைவின் அளவைக் கணக்கிடும் கிளாஸ்கோ அளவுகோலை 1974-இல் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் கொடுத்தார்கள். மிகக் குறைவான மதிப்பெண் 3, பூஜ்ஜியம் கிடையாது. ஆம்புலன்ஸ் ஊழியர் எழுதிய மதிப்பெண்ணைக்கூட கோடர் எடுத்துக்கொள்ளலாம். தலைக்காயம் என்பதை மட்டும் டாக்டர் எழுதியிருக்க வேண்டும்.

*

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ் 1935 மே மாதம், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமலிருக்க பைக்கை ஒடித்துத் தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். பின்னர் அவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் பைக் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு ராணுவ பைக்காரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. ஒழுங்காக எழுதி வைத்த கேஸ் ஷீட்டுகள் செய்த வேலை அது.

*

நம் ஊர் சட்டத்துக்கு இந்தக் குறியீடெல்லாம் வேண்டாம். காயச் சான்றிதழில் சாதாரண காயமா, கொடுங்காயமா என்பதே கேள்வி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவின்படி, பல் ஒன்று உடைந்தாலும் கொடுங்காயம். பழைய தண்டனைச் சட்டத்தில் 20 நாள் கடும் வலி அல்லது அன்றாட வேலை செய்ய முடியாத நிலை என்றிருந்தது இப்போது 15 நாளாகிவிட்டது.

*

அரசு ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலை ‘ஏ.ஆர். காப்பி’ என்பார்கள். யார் கூட்டி வந்தார், எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி அடிபட்டதாகச் சொன்னார், இரண்டு அங்க அடையாளங்கள் எல்லாம் அதில் இருக்கும். கார் இடித்துத்தான் விழுந்தார் என்றாலும், பதற்றத்தில் கூட வந்தவர் ‘ஸ்லிப்பாகி விழுந்துட்டாருங்க’ என்று சொன்னால் அப்படியே பதிவாகிவிடும். பிறகு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த வரியைத்தான்.