பூட்டைச் சோதிப்பவர்கள்

செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் செல்லும் நெடுஞ்சாலையில், திருமலகிரியைக் கடந்ததும் வருவது லோத்குண்டா. அங்கு வசிக்கும் ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவர் எங்களிடம் ஒரு வினாவை எழுப்பினார். “கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஓயாமல் அறிவுறுத்துகிறீர்கள். அந்தக் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறையை யார் சரிபார்க்கிறார்கள்?” நியாயமான வினா. விடையின் ஒரு பகுதி அவர் வாழும் மாநகரிலேயே இருக்கிறது.

ஹைதராபாத்தின் மாசாப் டேங்க் பகுதியில் ஐ.டி.ஆர்.பி.டி. என்னும் வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 1996இல் நிறுவியது. ஒரு வங்கியின் அட்டையைக் கொண்டு மற்றொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க உதவும் தேசிய நிதி இணைப்பு வலை, 2004இல் இங்கிருந்துதான் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டு மே மாதம், இந்நிறுவனத்தைச் சேர்ந்த மணிக் லால் தாஸ், அசுதோஷ் சக்சேனா, வேத் பி. குலாத்தி ஆகிய மூவரும் ஐ.இ.இ.இ. அமைப்பின் நுகர்வோர் மின்னணுவியல் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மூன்றே பக்கங்கள். ஆனால் கணினிப் பாதுகாப்புத் துறையில் நூற்றுக்கணக்கான பிற்கால ஆய்வுகள் அதனை மேற்கோள் காட்டியுள்ளன.

அக்கட்டுரை தீர்க்க முயன்ற சிக்கல் நம் அனைவருக்கும் உரியது. தொலைவிலிருக்கும் கணினியில் ஒருவர் ஸ்மார்ட் கார்டு மூலம் நுழையும்போது, ஒவ்வொரு முறையும் ஒரே அடையாளத்தை அனுப்பினால், வழியில் ஒட்டுக்கேட்பவர் நுழைந்தவர் யார் என்பதை அறிந்துகொள்வார். ஆகவே நுழையுந்தோறும் மாறுகின்ற அடையாளத்தை மூவரும் வடிவமைத்தனர். கடவுச்சொல்லைப் பயனரே தேர்ந்தெடுத்து விரும்பியபோது மாற்றிக்கொள்ளலாம். கடவுச்சொற்களின் பட்டியல் எதையும் மையக் கணினி வைத்திருக்கத் தேவையில்லை. பட்டியலே இல்லாதபோது அதைத் திருடவும் இயலாது. வாடிக்கையாளரின் நோக்கில் மூன்றுமே விரும்பத்தக்கவை.

அதே ஆண்டிலேயே அமித் கே. அவஸ்தி என்னும் ஆய்வாளர் ஒரு சிறு குறிப்பில் இதன் ஓட்டையைக் காட்டினார். பயனர் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லை அட்டை ஒரு கணக்கீட்டில் கலந்து அனுப்புகிறது. மையக் கணினி அதே செய்தியிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, மீண்டும் கணக்கிட்டு, இரு விடைகளும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறது. பதிவு செய்தபோது கொடுத்த கடவுச்சொல்லோடு அதனை எந்த இடத்திலும் ஒப்பிடுவதில்லை. வந்தவர் கொண்டுவந்த அளவுகோலாலேயே அவரை அளப்பதற்கு ஒப்பான செயல் இது! விளைவாக, அட்டை எவர் கையில் இருந்தாலும், எந்தச் சொல்லைத் தட்டினாலும் கதவு திறந்துவிடும்.

இதற்குப் பிறகுதான் மேற்கோள்கள் பெருகின. 2005இல் தைவானைச் சேர்ந்த லியாவோ, லீ, ஹுவாங் ஆகியோர் ஒரு திருத்தத்தை முன்வைத்தனர். 2009இல் சீனத்தின் வாங் குழுவினர் “மேலும் திறமையான, பாதுகாப்பான” என்ற அடைமொழியைத் தலைப்பிலேயே சூட்டி மற்றொரு முறையை வெளியிட்டனர். 2011இல் சவூதி அரேபியாவில் பணியாற்றிய குர்ரம் கான் குழுவினர் அந்த அடைமொழியையே தம் தலைப்பிலும் எடுத்தாண்டு, அம்முறையின் குறைகளை வரிசைப்படுத்தினர். அவற்றுள் ஒன்று, பயனர் தம் கடவுச்சொல்லைத் தாமே தேர்ந்தெடுக்க முடியாது என்பது. மற்றொன்று, தொலைந்த அட்டையை முடக்க வழியில்லை என்பது. அட்டையைத் தொலைத்துவிட்டு வங்கியின் உதவி எண்ணுக்காகத் தவித்த எவருக்கும் இரண்டாவதன் அருமை விளங்கும்.

ஆய்வாளர் ஒருவரின் தாக்கத்தை அளப்பதற்கு 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் ஓர் எண்ணை முன்மொழிந்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் குறைந்தது பத்து மேற்கோள்களைப் பெற்றிருந்து, பதினொன்றுக்கு அவ்வாறு சொல்ல இயலாதெனில், அவரது எச்-எண் பத்து. பதவி உயர்வுக்குக்கூட இது கருதப்படுகிறது. பாராட்டி மேற்கோள் காட்டினாலும், உடைத்து மேற்கோள் காட்டினாலும் இக்கணக்கில் ஒன்றே. மற்ற துறைகளில் இது குறையாகத் தோன்றலாம். பூட்டுகளைப் பற்றிய துறையில் எங்களுக்கு அவ்வாறு தோன்றவில்லை. அந்த ஹைதராபாத் வடிவமைப்பு வெளியிடப்படாமல் ஏதேனும் ஓர் அலமாரியில் மறைவாக இருந்து, நேரடியாகப் பயன்பாட்டுக்கு வந்திருந்தால், ஓட்டையை முதலில் காண்பவர் ஆய்வாளராக இருந்திருப்பார் என்பதற்கு உறுதி ஏது?

இத்தகைய வெளியீடுகளை வங்கித் துறை எப்போதும் முகமலர்ந்து ஏற்றதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் மர்டாக், ராஸ் ஆண்டர்சன் உள்ளிட்ட நால்வர், திருடப்பட்ட சிப் அட்டைக்கும் கடையிலுள்ள இயந்திரத்துக்கும் இடையில் ஒரு கருவியை வைத்து, எந்த பின் எண்ணைக் கொடுத்தாலும் ஏற்கச் செய்யலாம் என நிறுவினர். ஏ.டி.எம்.களில் பின் எண்ணை வங்கியே நேரடியாகச் சரிபார்ப்பதால் அங்கு இம்முறை பலிக்காது. அதே ஆண்டின் இறுதியில், இது தொடர்பான மாணவர் ஒருவரின் ஆய்வேட்டை இணையத்திலிருந்து நீக்குமாறு பிரிட்டனின் அட்டை நிறுவனங்களின் சங்கம் பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொண்டது. ஆண்டர்சன் மறுத்துவிட்டார். வங்கியைச் சார்ந்த நாங்களே கூறுகிறோம்: அவர் செய்தது சரியே.

இவ்வளவையும் லோத்குண்டா வாடிக்கையாளரிடம் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் 2011ஆம் ஆண்டு முறையை யார் சரிபார்த்தார்கள்?” என்றார். அதன் குறைகளைக் காட்டும் கட்டுரைகளும் பின்னர் வந்துவிட்டன என்று தெரிவித்தோம்.