ஃபோர்க்லிஃப்ட் வால்வுப் பழுதறிதலும் தமிழ்ச் சொல்லாட்சியும்

1. முன்னுரை

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. எல்லை பிரிந்த பின்னும் இந்நகரில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. இம்மாவட்டத்து விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-இல் முறைப்படி திறக்கப்பட்டது. சரக்குப் பணி பெருகுமிடத்தில் எந்திரப் பராமரிப்புக் கையேடுகளின் தேவையும் பெருகும். அவற்றை மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் இரு சிக்கல்களை, ஃபோர்க்லிஃப்டின் ஹைட்ராலிக் வால்வுப் பழுதுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

2. இறங்குதலும் இறக்குதலும்

ஓட்டுநர் நெம்புகோலை இயக்கிச் சுமையைத் தாழ்த்துவது இறக்குதல், இது பிறவினை. நெம்புகோல் நடுநிலையில் இருக்கும்போதே சுமை தானாகத் தாழ்வது இறங்குதல், இது தன்வினை. முன்னது இயக்கம், பின்னது பழுது. ஆங்கிலக் கையேடுகளில் இரண்டையும் ஒரே வினை சுட்டுவதுண்டு. தமிழைப் போன்றே மலையாளமும் 'இறங்ஙுக', 'இறக்குக' என இவற்றை வேறுபடுத்தும்.

ஐ.எஸ்.ஓ. 3691-1 தரநிலையின்படி, 10 டன் வரை திறனுள்ள வண்டியில், எண்ணெய் இயல்பான இயக்க வெப்பநிலையில் இருக்க, முழுச் சுமை முதல் 10 நிமிடங்களில் 100 மி.மீ.க்கு மேல் இறங்கலாகாது. இதனை 'இறக்கலாகாது' என மொழிபெயர்ப்பின், வால்வுக்குரிய சோதனை ஓட்டுநருக்கு விதித்த தடையாக மாறிவிடும்.

3. 'ஓரதர்' என்னும் கலைச்சொல்

வால்வு என்பதற்கு 'ஓரதர்' என்னும் ஆக்கச்சொல் வழங்குகிறது. அதர் என்பது வழி. ஆகவே இச்சொல் ஒருவழிப் பாதையைக் குறிக்கும். ஃபோர்க்லிஃப்டிலோ பல்வகை வால்வுகள் உள்ளன. எண்ணெயின் திசையை மாற்றும் கட்டுப்பாட்டு வால்வு, மிகை அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு, எண்ணெய் திரும்பாமல் தடுக்கும் வால்வு என்பன முதன்மையானவை. இறுதி ஒன்றிற்கே 'ஓரதர்' பொருந்தும்.

பழுதின் அறிகுறிகளும் வேறுபடுவன. தூக்கத் தொடங்குகையில் சுமை சற்றே தாழ்ந்து பின் உயருமாயின், திரும்பாத் தடுப்பு வால்வை ஐயுறல் வேண்டும். தூக்குதலும் சாய்த்தலும் ஒருங்கே வலுவிழப்பின், இரண்டிற்கும் பொதுவான பம்ப்பையும் அழுத்தத் தணிப்பு வால்வையும் அழுத்தமானியால் ஆராய்தல் முறை. நடுநிலையில் சுமை இறங்கின், கட்டுப்பாட்டு வால்வின் உட்கசிவோ சிலிண்டர் சீலின் தேய்வோ காரணமாகலாம். மூன்றையும் 'ஓரதர்ப் பழுது' எனல் காரணத்தை மறைத்துவிடும்.

4. முடிவுரை

சுமையை முற்றிலும் இறக்கி, அழுத்தத்தை நீக்கிய பின்னரே குழாய்களைக் கழற்றுதல் வேண்டும். இவ்வெச்சரிக்கையிலும் 'இறங்கிய பின்' என எழுதுவது பிழை. தானே இறங்கட்டும் எனக் காத்திருப்பது பாதுகாப்பன்று. எனவே, வழக்கிலுள்ள 'வால்வு' என்னும் சொல்லை ஏற்று, அதன் தொழிலை அடைமொழியால் உணர்த்துவதும், தன்வினை பிறவினை வேறுபாட்டைப் பேணுவதும் தக்கனவாகும். இத்துறையில் சொல்லின் பிழை பணியாளரின் உயிரைத் தொடும்.