இத்தாலியில் பதினான்கு நாள்: ஒரு ஒர்க் ஸ்டடி கணக்கு



வெளிநாட்டுச் சுற்றுலா என்றதும் "அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்" என்று நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். பணம் உள்ளவர் தப்பாகப் பிளான் போட்டால் அடுத்த வருடம் மறுபடி போய்க் கொள்வார். டிப்ளமோ முடித்து, கம்பெனி சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை போகிறவனுக்கு அந்த வசதி ஏது? ஆக, சரியான பிளான் அதிகம் தேவைப்படுவது நமக்குத்தான்!

எங்கள் வீட்டில் இதுவரை யாரும் பாஸ்போர்ட் எடுத்ததில்லை. பயணம் என்றால் குலதெய்வம் கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். "எங்க தங்கினீங்க, எப்படிப் போனீங்க?" என்று கேட்க ஒரு மாமா கிடையாது. அப்படிப்பட்டவனுக்குத் தாளும் பென்சிலும்தான் மாமா. நான் இத்தாலியைப் பார்த்ததும் இல்லை. ஆனால் வரைபடமும் ரயில் நேரமும் தெரிந்தால், நாம் வகுப்பில் படிக்கும் ஒர்க் ஸ்டடியை வைத்தே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

நூல் பின்னால் திரும்பக் கூடாது

ஸ்ட்ரிங் டயக்ராம் நினைவிருக்கிறதா? ஷாப் படத்தில் குண்டூசி குத்தி, தொழிலாளி நடக்கும் வழியெல்லாம் நூல் கட்டுவோம். ஒரே இடத்தில் நூல் திரும்பத் திரும்ப ஓடினால் அது வீண் நடை.

இத்தாலி வரைபடத்திலும் ஐந்து குண்டூசி குத்துங்கள். தெற்கே நேப்பிள்ஸ், அதற்கு மேலே ரோம், அடுத்து ஃபுளோரன்ஸ், வடகிழக்கில் வெனிஸ், வடமேற்கில் மிலான். பலர் ரோமில் இறங்கி, வெனிஸ் வரை ஏறி, மறுபடி நேப்பிள்ஸுக்கு இறங்கி, விமானத்துக்காகத் திரும்ப ரோமுக்கு வருகிறார்கள். நூல் சிக்கலாகிவிடும். ரோமில் இறங்கி மிலானில் ஏறுவது போல டிக்கெட் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. 'மல்ட்டி சிட்டி' என்று கேட்டு ஒரே டிக்கெட்டாக விலை பார்க்க வேண்டும். ரோமில் இறங்கிய அன்றே ரயில் பிடித்தால் சுமார் 1 மணி 10 நிமிடத்தில் நேப்பிள்ஸ். அதற்குப் பிறகு நூல் மேலே மட்டும்தான் போகும்.

செட்டிங் டைம்

லேத்தில் ஜாப் மாற்றும்போது கட்டிங் நடக்காது, ஆனால் நேரம் ஓடும். ஊர் மாறுவதும் அப்படித்தான். ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் ரூமைக் காலி செய்து, பெட்டி தூக்கி, ஸ்டேஷன் போய், புது ஊரில் ரூம் தேடிச் சேர்வதற்குள் அரை நாள் போச்சு! "14 நாளில் 9 ஊர்" என்று பிளான் போட்டால் 8 மாற்றம், அதாவது 4 நாள் பெட்டி தூக்குவதிலேயே முடியும். 5 ஊர் என்றால் 4 மாற்றம், 2 நாள்தான் செலவு.

இன்னொன்று: பகலை எண்ணாதீர்கள், இரவை எண்ணுங்கள். 14 நாள் என்றால் கையில் இருப்பது 13 இரவு. அதை இப்படிப் பிரிக்கலாம்.

நேப்பிள்ஸ் – 3 இரவு. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை புதைத்த பொம்பெய் நகரத்துக்கு இங்கிருந்து லோக்கல் ரயிலில் போய் வரலாம்.

ரோம் – 4 இரவு. கொலோசியம், வாட்டிகன். சிவில் நண்பர்கள் பாந்தியானை விடக் கூடாது. சுமார் 43 மீட்டர் அகலமுள்ள கான்கிரீட் டோம், உள்ளே ஒரு கம்பி கூட இல்லை! மேலே போகப் போக எடை குறைந்த கல்லைக் கலந்திருக்கிறார்கள்.

ஃபுளோரன்ஸ் – 3 இரவு. 1420 முதல் 1436 வரை, தரையிலிருந்து சாரம் முட்டுக் கொடுக்காமலே புருனெல்லெஸ்கி கட்டிய டோம் இங்கேதான். ஒரு பகல் பீசா போய் வரலாம். சாய்ந்த கோபுரத்தை 1990-ல் மூடி, உயர்ந்த பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாய்வைக் குறைத்து, 2001-ல்தான் மறுபடி திறந்தார்கள்.

வெனிஸ் – 2 இரவு. மரக் கட்டைகளை அடித்து அதன் மேல் நிற்கும் ஊர். கடல் பொங்கினால் தடுக்க 78 இரும்புக் கதவுகள் உள்ள தடுப்பு 2020-ல் முதன்முதலாக எழுப்பப்பட்டது.

மிலான் – 1 இரவு. லியனார்டோவின் 'கடைசி விருந்து' ஓவியம். ஒரு குழுவுக்கு 15 நிமிடம்தான் அனுமதி. முன்பதிவு கட்டாயம்.

கிழமையைப் பாருங்கள்

தேதி சரியாக இருந்து கிழமை தப்பினால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டும். ஃபுளோரன்ஸின் உஃபிட்சி மியூசியமும், மிலானின் 'கடைசி விருந்தும்' திங்கள் விடுமுறை. வாட்டிகன் மியூசியம் ஞாயிறு மூடல், மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பு.

மேலே சொன்ன பிளானைப் புதன்கிழமை தொடங்கினால் என்ன ஆகும்? மிலான் சேரும் 13-ம் நாள் திங்கள்! ஓவியம் போச்சு. அதையே திங்களன்று தொடங்கினால் 13-ம் நாள் சனிக்கிழமை. வாட்டிகனுக்கு வெள்ளி, உஃபிட்சிக்குச் செவ்வாய் என்று எல்லாம் பொருந்தி வரும். ஆகவே டிக்கெட் எடுக்கும் முன்பே 14 கட்டம் போட்டுக் கிழமை எழுதிப் பாருங்கள்.

ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி

இத்தாலியில் ரயில் ஸ்டிரைக் புதிதல்ல. பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிப்பார்கள். அதனால்தான் கடைசி இரவை விமானம் ஏறும் ஊரிலேயே வைத்தோம். வெனிஸிலிருந்து சுமார் இரண்டரை மணி நேரம்தானே என்று விமான நாளன்று கிளம்பினால், ஒரு ஸ்டிரைக் போதும், சேர்த்த பணம் எல்லாம் போய்விடும்.

வேக ரயிலுக்கு முன்னாலேயே எடுத்தால் விலை குறைவு. லோக்கல் ரயிலுக்கு அவசரம் இல்லை, ஆனால் காகித டிக்கெட்டை ஏறும் முன் ஸ்டேஷன் மெஷினில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம். ஸ்டேஷன் போர்டில் நாப்பொலி, ஃபிரென்ட்சே, வெனெட்சியா, மிலானோ என்றுதான் இருக்கும். திகைக்க வேண்டாம்.

நமக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த நாள் எந்த ஊர், எங்கே தங்கல் என்ற விவரமும் கொடுக்க வேண்டும். விசா வரும் வரை ரத்து செய்யக்கூடிய ரூமாகவே பிடியுங்கள்.

பார்த்தீர்களா நண்பர்களே! நாம் போட்ட அந்த 14 கட்டத் தாளைத்தான் விசா ஆபீசரும் கேட்கிறார். அங்கே அப்பா என்ன வேலை என்பதை விட, நம் தாளில் நாளும் ஊரும் கணக்கும் ஒத்துப்போகிறதா என்பதே பேசும். கணக்குப் போடக் கற்றுக் கொண்டோம். மிச்சம் பிடிப்பது இனிமேல் நம் கையில்!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்