அப்பா பெயருக்கு வரும் வரவேற்புக் கடிதம்

பெங்களூரில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு கம்பெனி, தன் டீலர்கள் ஆர்டர் கொடுப்பதற்காக சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருளில் ஒரு தளம் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோலார் தங்கவயலில் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவரையும் அதில் சேர்க்கிறார்கள். உடனே அவருக்கு ஒரு வரவேற்பு மின்னஞ்சல் போய்ச் சேருகிறது.

முழுக்க ஆங்கிலம். அனுப்பியது யார் என்று விளங்கவில்லை. ‘இங்கே அழுத்தி பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளவும்’ என்கிறது. பாங்கி பெயரில் வரும் மோசடிக் கடிதங்களும் இதைத்தானே சொல்கின்றன? கடைக்காரர் அழித்துவிடுகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

இந்தக் கடிதத்தை மாற்றி எழுத நிர்வாகிக்கு வசதி உண்டு. மென்பொருளோடு வந்த வாசகத்தை அப்படியே விட்டுவிடுவதால்தான் இந்தத் தொல்லை.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்குத் தனிச் சங்கடம் இருக்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸில் கடைசிப் பெயர் கட்டாயம். முதல் பெயரைக் காலியாக விடலாம். நம்மவர் பலருக்குக் குடும்பப் பெயர் ஏது? பதிவு செய்யும் குமாஸ்தா அந்தக் கட்டத்தில் தகப்பனார் பெயரைப் போடுவார். இல்லாவிட்டால் வெறும் இனிஷியலைப் போடுவார். கடைசிப் பெயரைச் சொல்லி அழைக்கும்படி கடிதம் அமைந்திருந்தால், முருகன் மகன் செல்வத்துக்கு ‘அன்புள்ள முருகன்’ என்று வரும். ‘அன்புள்ள மு’ என்றும் வரலாம். காலமான தகப்பனார் பெயருக்கு வந்த கடிதத்தை யார் நம்புவார்கள்? முழுப் பெயரும் விழும்படி குறியை மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

கடிதத்திலுள்ள இணைப்பு எத்தனை நாள் செல்லும் என்பதையும் நிர்வாகி தீர்மானிக்கலாம்: 1 நாள், 7 நாள் அல்லது 180 நாள். மாற்றாமல் விட்டால் 7 நாள். ஊர்த் திருவிழாவுக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்புகிறவர் அழுத்தினால் திறக்காது. அதற்காக 180 நாள் கொடுப்பதும் ஆபத்து. கடிதம் வேறு கையில் சிக்கினால் கணக்கும் சிக்கும். ‘ஏழு நாளைக்குள் திறக்கவும்’ என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவது மேல்.

தமிழில் நாலு வரி, ஆங்கிலத்தில் நாலு வரி போதும். பாஸ்வேர்டைக் கடிதத்தில் எழுதவே கூடாது. அடியில், டீலருக்கு முகம் தெரிந்த விற்பனைப் பிரதிநிதியின் பெயரும் போன் நம்பரும் இருக்கட்டும். அந்தப் பிரதிநிதியே முதல் நாள் போன் செய்து, “அண்ணே, நாளைக்கு ஒரு மெயில் வரும், நம்ம கம்பெனிதான் அனுப்புது, அழிச்சுடாதீங்க” என்று சொல்லிவைத்தால் கடைக்காரர் கட்டாயம் திறந்து பார்ப்பார்.