பேனாவைக் கடைவது கையா, கணிப்பொறியா?

மாணவர்களே, திருகு மூடி போட்ட ஊற்றுப்பேனா கையில் கிடைத்தால் அதன் மூடி எத்தனை சுற்றில் கழன்று வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். சில பேனாக்களில் ஐந்தாறு சுற்று ஆகும். சிலவற்றில் ஒன்றரைச் சுற்றிலேயே மூடி கையோடு வந்துவிடும். இந்தச் சிறு வேறுபாட்டுக்குள் பேனாத் தொழிலின் பெரிய வழக்கு ஒன்று அடங்கியிருக்கிறது.

ஒருவரே விரும்பிச் சொல்லிச் செய்துகொள்ளும் பேனாக்கள் இன்றும் உண்டு. ராஜமுந்திரியில் சுதேசி இயக்கத்தின் தூண்டுதலால் 1930களில் தொடங்கிய பேனாத் தொழிலும், நம் திருவள்ளூரில் நடக்கும் பட்டறை வேலையும் இவ்வகையைச் சேர்ந்தவை. மூலப்பொருள் பெரும்பாலும் எபோனைட். ரப்பருடன் ஏராளமான கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது கொம்பு போல இறுகிவிடுகிறது, அதுதான் எபோனைட். அந்தத் தண்டைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு, உளியைக் கையால் பிடித்துச் செதுக்குகிறார் தொழிலாளி.

இந்த வேலைக்கு இப்போது போட்டியாக வந்திருப்பது கணிப்பொறி இயக்கும் கடைசல் எந்திரம். எண்களைக் கொண்டு எந்திரத்தை நடத்தும் முறை, 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் துளையிட்ட நாடாவின் உதவியால் செய்து காட்டப்பட்டது. ஹெலிகாப்டரின் சுழல் இறகுகளைச் சரியாகச் செய்ய வேண்டும் என்ற தேவையே அதற்கு வித்திட்டது. இன்று அந்த முறை பேனாவுக்கும் வந்துவிட்டது.

எந்திரம் எப்படி அளவறிந்து வெட்டுகிறது? சிறிய எந்திரங்களில் உள்ள படி மோட்டார் ஒரு சுற்றை 200 சம படிகளாகச் சுற்றும். அது திருப்பும் திருகு ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தினால், ஒரு படிக்கு உளி நகர்வது 0.025 மி.மீ. உங்கள் ஆய்வகத்துத் திருகு அளவியின் தத்துவம்தான் இது. தலையைத் திருகுவது விரல் அல்ல, மின்துடிப்பு. திருகு அளவியில் திருப்பித் திருகும்போது முனை சற்று நேரம் அசையாமல் நிற்குமே, அந்தத் தொல்லை இங்கும் உண்டு. கணிப்பொறியிடம் அதன் அளவை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது கணக்கில் கழித்துக்கொள்ளும்.

மூடியின் மரையில்தான் எந்திரத்தின் கை ஓங்குகிறது. இரு புரிகளுக்கு இடையே 0.8 மி.மீ. இருக்கும் ஒற்றை மரையில், மூடி 4.8 மி.மீ. மேலே வர 6 சுற்று வேண்டும். ஒன்றுக்குப் பதில் மூன்று புரிகளை 120 பாகை இடைவெளியில் தொடங்கி ஒன்றின் இடையே ஒன்றாக ஓடவிட்டால், ஒரு சுற்றுக்கு 2.4 மி.மீ. நகரும்; 2 சுற்றே போதும். தண்டு எந்தக் கோணத்தில் சுழல்கிறது என்பதை ஓர் உணர்கருவி கணிப்பொறிக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதால், மூன்று தொடக்கங்களும் பிசகாமல் அமைகின்றன. சீப்புப் போன்ற பல்லுளியைக் கையில் பிடித்து இதைச் செய்வதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். மரை வேலையை எந்திரத்திடம் விடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் எபோனைட் ஒரு குறும்புக்காரப் பொருள். வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே உளி உராயும் சூடு வெட்டும் இடத்திலேயே தங்கிவிடும். சூடேறினால் எஃகைவிட ஆறேழு மடங்கு விரியவும் செய்யும். 12 மி.மீ. விட்டமுள்ள தண்டு 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.03 மி.மீ. பெருக்கும். அந்த நிலையில் அளவெடுத்துச் செதுக்கிய பாகம் ஆறியபின் சுருங்கி, மூடிக்குள் லொடலொடவென்று ஆடும். உளி மழுங்கினாலும் சூடு கூடும். அனுபவசாலி சீவல் வரும் விதத்திலும், உளியின் ஓசையிலும், கருகிய கந்தக நெடியிலும் இதை உணர்ந்து கையை எடுத்துவிடுவார். இவற்றை உணரும் கருவி பொருத்தாத எந்திரமோ கட்டளை முடியும்வரை வெட்டிக்கொண்டே போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கைவேலைக்காரர் அளவுகோலை நம்பிச் செய்வதில்லை. இந்த உடலுக்கு இந்த மூடி என்று போட்டுப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி போட்டுப் பார்க்கிறார். அவர் செய்யும் பத்துப் பேனாக்களில் ஒன்றின் மூடி மற்றொன்றுக்குச் சேராமற் போகலாம். தன் பேனாவுக்கு அது கச்சிதம். எந்திரம் செய்த பத்திலும் எந்த மூடியும் எந்த உடலுக்கும் சேரும். மூடி தொலைந்தவருக்கு இரண்டாவதுதான் வரம்!

தொழிலாளியின் பிழைப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எண்ணிக்கையே. கட்டளை எழுதி, உளியைப் பொருத்தி, சோதித்துப் பார்க்க ஆகும் நேரம் ஒரு பேனாவுக்கும் நூறு பேனாவுக்கும் ஏறத்தாழ ஒன்றே. நூறுக்கு அது பங்கிடப்பட்டுக் குறைந்துவிடும். ஒன்றே ஒன்றுக்கு முழுச் சுமையும் அதன் தலையில். ஆகவே "கழுத்து சற்றுப் பருமனாக வேண்டும், என் விரல் வலிக்கிறது" என்று கேட்டு வருபவருக்கு உளி பிடித்த கையே மலிவாகவும் விரைவாகவும் உதவுகிறது. மரையை எந்திரத்தில் வெட்டிக்கொண்டு, வெளி வளைவையும் மெருகையும் கையால் முடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் பேனாவின் மரை எவ்வகை என்று அறிய ஒரு வழி. மூடியை உடலின் மேல் இலேசாக வைத்து, கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். மரை நழுவி விழும் 'டிக்' உணர்வு ஒரு முழுச் சுற்றில் எத்தனை முறை வருகிறதோ, அத்தனை தொடக்கங்கள் அதில் உண்டு.